சத்னாமுக்கு விமானம் வரவில்லை

சீனப் புத்தாண்டு விடுமுறை வந்தால் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் உலகம் ஒரு முறையாவது அழிந்தாக வேண்டும். பினாங்குப் பாலத்தில் வாகன நெரிசல், பாதிக் கடைகள் பூட்டு. வீட்டில் கிடந்து வேறு என்னதான் பார்ப்பது? இந்த முறை போட்டது '2012'. அம்மா பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் பழைய செய்தித்தாளை விரித்து, முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் பொரித்த அப்பளம்போல் நொறுங்கிக் கடலுக்குள் சரிந்தது. அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. திரையின் அடியில் ஓடும் மலாய் வரிகளை அந்த வேகத்தில் அவரால் படிக்க முடியாது. பக்கத்தில் படுத்திருந்த என் பதினான்கு வயது மகள்தான் அவ்வப்போது கதை சொல்லிக்கொண்டிருந்தாள். எரிமலை வெடித்தது, வெள்ளை மாளிகைமேல் போர்க்கப்பல் வந்து விழுந்தது, கீரை உருவுவது மட்டும் நிற்கவில்லை.

பிறகு சத்னாம் வந்தார். படம் பார்த்தவர்களுக்கு அவரை நினைவிருக்குமா தெரியவில்லை. எனக்கு இல்லை. கதையின் தொடக்கத்தில், இந்தியாவில் ஒரு செம்புச் சுரங்கத்தின் அடியாழத்தில், பூமியின் உட்பகுதி கொதிக்கத் தொடங்கிவிட்டதை முதலில் கண்டறிகிற விஞ்ஞானி அவர்தான். அவர் தன் அமெரிக்க நண்பரிடம் சொல்ல, நண்பர் அதை வாஷிங்டனுக்குக் கொண்டுபோக, உலகத் தலைவர்கள் கூடி இமயமலையில் ரகசியமாக மாபெரும் கப்பல்களைக் கட்டுகிறார்கள். பணக்காரர்களுக்குத் தலைக்கு நூறு கோடி யூரோ டிக்கெட். சத்னாமையும் குடும்பத்தையும் அழைத்துவர விமானம் அனுப்புவதாகப் பேச்சு. விமானம் வரவில்லை. மனைவியும் பிள்ளையும் பக்கத்தில் நிற்க, தூரத்தில் மலை உயரத்துக்கு அலை எழுந்து வருவதைப் பார்த்தபடி நண்பருக்குப் போன் போடுகிறார். இணைப்பு அறுந்துபோகிறது. படம் கப்பலுக்குத் திரும்பிவிடுகிறது.

அம்மாவின் கை நின்றது. "அவருக்குப் பிளேன் அனுப்பறேன்னாங்களே?"

"அனுப்பல பாட்டி."

"மறந்துட்டாங்களா, வேணும்னே விட்டுட்டாங்களா?"

மகள் என்னைப் பார்த்தாள். அந்தக் கேள்விக்குப் படத்தில் பதில் இல்லை. அம்மா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கண்டுபுடிச்சவனே அவன்தானே" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார். திரும்பவும் கீரை.

இதே படத்தை நான் 2009-இல் கர்னி டிரைவ் பக்கம் தியேட்டரில் பார்த்தேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் எங்கள் ஷிப்டைச் சேர்ந்த எட்டுப் பேர் ஒன்றாகப் போனோம். கப்பல்களைக் கட்டியது சீனா என்று திரையில் தெரிந்ததும், பக்கத்தில் இருந்த சீன நண்பர் சத்தமாக, "எங்க ஆளுங்க செஞ்சது, உத்தரவாதம் ஒரு வருஷம்தான்!" என்றார். வரிசை முழுக்கச் சிரிப்பு. நானும்தான் சிரித்தேன். வெளியே வந்து சார் குவே தியாவ் சாப்பிட்டுக்கொண்டே கார் துரத்தும் காட்சியையும் விமானம் எழும்பும் காட்சியையும் ஒரு மணி நேரம் பேசினோம். சத்னாமைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. படத்துக்கு அவர் எப்படியோ எங்களுக்கும் அப்படியே. அம்மா கேட்ட பிறகுதான் இது உறுத்த ஆரம்பித்தது. இரண்டு வாரமாக உறுத்துகிறது.

யார் வீட்டுப் பயம்

உலகம் அழியும் படங்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இருபத்தைந்து வருடமாகத் தேடித்தேடிப் பார்க்கிறேன். அந்தந்த ஊர்க்காரர்கள் எதை நினைத்து ராத்திரி தூக்கம் கெட்டார்களோ அதுதான் திரையில் வருகிறது என்பது எல்லோரும் சொல்வது. 'காட்சில்லா'வை எடுத்துக்கொள்ளுங்கள். 1954 மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. ஆபத்து வளையத்துக்கு வெளியே இருந்த ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றின்மேல் வெள்ளைச் சாம்பல் மழையாகப் பெய்தது. கரை திரும்பிய 23 பேரும் நோயில் விழுந்தார்கள். படகின் வானொலித் தொடர்பாளர் செப்டம்பரில் இறந்துபோனார். நவம்பரில் படம் வெளியானது. கடலில் ஒரு வெளிச்சம், ஒரு படகு காணாமல் போகிறது என்று தொடங்குகிற படத்தை அந்த வருடம் தோக்கியோவில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு ரப்பர் உடை போட்ட மிருகம் வெறும் மிருகமாகத் தெரிந்திருக்காது. அதே படம் 1956-இல் அமெரிக்காவுக்குப் போனபோது, ஓர் அமெரிக்க நிருபரை நடுவில் செருகி, அணுகுண்டுப் பேச்சைக் கத்தரித்துக் குறைத்துத்தான் காட்டினார்கள். பயந்தவன் வீட்டுக் கதை, பயமுறுத்தியவன் வீட்டில் வேடிக்கைப் படமாயிற்று.

'2012'-ஐ எடுத்த ரோலண்ட் எமெரிக் அதற்கு முன் 2004-இல் 'தி டே ஆஃப்டர் டுமாரோ' எடுத்திருந்தார். அதில் ஒரு காட்சி எனக்கு எப்போதும் பிடிக்கும். பனி மூடிய அமெரிக்காவிலிருந்து தப்பித்து மக்கள் ஆற்றில் இறங்கி மெக்சிகோவுக்குள் ஓடுகிறார்கள். மெக்சிகோ எல்லையை மூடிவிடுகிறது. கடைசியில் லத்தீன் அமெரிக்க நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்த பிறகுதான் கதவு திறக்கிறது. இந்தக் காட்சியில் குளிர் ஒரு சாக்கு. தாங்கள் மற்றவர்களுக்குச் செய்வதை ஒருநாள் மற்றவர்கள் தங்களுக்குச் செய்துவிட்டால் என்ன ஆகும் என்கிற பயம்தான் விஷயம். பணக்கார நாட்டுப் படங்கள் பலவற்றிலும் அடியில் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருப்பதாக எனக்குப் படுகிறது.

இந்த 'பயத்தின் கண்ணாடி' விளக்கத்தோடு நான் இதுவரை திருப்தியாக இருந்தேன். அம்மாவின் கேள்விக்குப் பிறகு அது பாதிதான் என்று தோன்றுகிறது. அழிவைப் படமாக எடுப்பவர் பயத்தை மட்டுமா எழுதுகிறார்? ஒரு பயணிகள் பட்டியலும் சேர்த்து எழுதுகிறார். யார் ஏற வேண்டும், யார் கரையில் நிற்க வேண்டும், எதைப் பெட்டியில் கட்ட வேண்டும். '2012'-இல் மோனலிசா ஓவியத்தைப் பத்திரப்படுத்திவிட்டு அசலின் இடத்தில் நகலை மாட்டுகிறார்கள். ஒட்டகச்சிவிங்கியையும் யானையையும் ஹெலிகாப்டரில் கட்டித் தூக்கிக்கொண்டு போகிறார்கள். யானைக்கு ஹெலிகாப்டர் கிடைத்தது. சத்னாமுக்குக் கிடைக்கவில்லை.

இடிப்பதற்கும் ஒரு பட்டியல் உண்டு. ரியோவின் ஏசு சிலை உடைகிறது, வாடிகனின் கோபுரம் கும்பிட நின்ற கூட்டத்தின்மேல் உருண்டு விழுகிறது. மெக்காவில் உள்ள காபாவையும் சேர்க்க நினைத்து, பின்விளைவுகளுக்குப் பயந்து விட்டுவிட்டதாக இயக்குநரே அப்போது பேட்டியில் ஒத்துக்கொண்டார். உலகத்தையே அழிப்பவருக்கும் பயம் இருக்கிறது. நம் மலேசியாவில் இதற்கு வேறொரு வடிவம் உண்டு: 2014-இல் ஹாலிவுட் எடுத்த 'நோவா' இங்கே திரைக்கு வரவில்லை. நபிமார்களை உருவமாகக் காட்டக் கூடாது என்பதால் தணிக்கை வாரியம் அனுமதிக்கவில்லை. பிரளயத்தைக் காட்டலாம், கப்பல் கட்டியவரைக் காட்டக்கூடாது. கீழ்வீட்டு மலாய்க்காரப் பாக்சிக்கிடம் ஒருமுறை இதைப் பற்றிப் பேசினேன். 'கியாமத், உலக முடிவு நாள், எப்போது வரும் என்று ஆண்டவனுக்கு மட்டும்தான் தெரியும், அதற்கு எதற்கு டிக்கெட் வாங்கிப் பார்க்கிறாய்?' என்று கேட்டுவிட்டு மோட்டார் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார்.

கலி முத்திப்போச்சு

நம்மிடம் கதைக்கா பஞ்சம்? சீர்காழிக்குத் தோணிபுரம் என்று இன்னொரு பெயர். ஊழிவெள்ளத்தில் சிவன் தோணியில் வந்து தங்கிய இடம் என்கிறார்கள். படைப்பின் விதைகளை வைத்த குடம் வெள்ளத்தில் மிதந்துபோய் உடைந்த இடம் கும்பகோணம். பஃறுளியாற்றையும் குமரிமலையையும் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. ஆனால் இந்தக் கதைகளில் எதிலும் கடிகாரம் இல்லை. கலியுகம் மொத்தம் 4,32,000 வருடம். பஞ்சாங்கக் கணக்கில் கழிந்தது ஐயாயிரத்துச் சொச்சம்தான். இன்னும் நாலு லட்சத்து இருபத்தாறாயிரத்துக்கு மேல் பாக்கி. இவ்வளவு பாக்கி வைத்துக்கொண்டு ஒரு ஹீரோ எங்கே போய் ஓடுவது? முடிந்தாலும் மறுபடி முதலிலிருந்து. அதனால்தான் 'கலி முத்திப்போச்சு' என்று நம் வீடுகளில் சொல்லும்போது யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. என் அத்தை அதைச் சொல்வது, பக்கத்து வீட்டுப் பெண் ராத்திரி பதினொரு மணிக்கு வீடு திரும்பும்போது. மீன் கிலோ முப்பது வெள்ளி என்று கேள்விப்படும்போதும் சொல்வார்.

தமிழில் பெரிய அழிவைத் திரையில் காட்டிய படம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 2008-இல் வந்த 'தசாவதாரம்'தான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிலையோடு சேர்த்துக் கட்டி ஒரு நம்பியைக் கடலில் தள்ளுவதில் தொடங்கி, 2004 சுனாமியில் முடிகிற கதை. கிருமி பரவி எல்லோரும் சாக இருக்கும் நேரத்தில் கடல் பொங்கி வந்து, உப்புநீர் கிருமியை அழித்துவிடுகிறது. கடவுள் காப்பாற்றினாரா, தற்செயலா என்று நாயகனும் நாயகியும் கரையில் நின்று விவாதிக்கிறார்கள். கமல் பத்து வேடம் போட்டதைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு அந்தக் கடைசிக் கால்மணி நேரம் தொண்டையில் முள்ளாக நின்றது. நாங்கள் அந்த அலையைப் பார்த்தவர்கள்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணி வாக்கில் ஆயர் ஈத்தாமில் எங்கள் பதினோராம் மாடி வீட்டில், சாமி படத்துக்கு முன்னால் தொங்கிய விளக்கு மெதுவாக ஆடியது. அம்மா தனக்குத் தலைசுற்றல் என்று நினைத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார். சுமத்ரா பக்கம் நிலநடுக்கம் என்று தெரிந்ததும் வழக்கம்போல 'அங்கதானே' என்று பசியாற உட்கார்ந்தோம். பகல் ஒரு மணிக்குமேல் அலை பினாங்கின் கரையைத் தொட்டது. மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள், அதில் பெரும்பாலோர் பினாங்கில். இரண்டு நாள் கழித்து பத்து ஃபெரிங்கி கடற்கரைக்குப் போனேன். நண்பர் ஒருவருக்கு அங்கே கடை. கடை இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் கழுவிவிட்டதுபோலச் சுத்தமாக இருந்தது. லோங்காங் சாக்கடையில் மீன் செத்துக் கிடந்தது. ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி மரக்கிளையில் நேராக, யாரோ ஏறி உட்காரப் போவதுபோல, சொருகி நின்றது.

அன்று சாயங்காலம் நாகப்பட்டினத்தில் இருக்கும் அம்மாவின் உறவுக்காரருக்கு எப்படியோ லைன் கிடைத்தது. அவர்கள் எங்களைக் கேட்டார்கள், நாங்கள் அவர்களைக் கேட்டோம், இரண்டு பக்கமும் ஒரே கேள்வி. அங்கே அலை வந்தது காலை ஒன்பது மணிக்கு என்றார்கள். போனை வைத்த பிறகு சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். அங்கே ஒன்பது என்றால் இங்கே பதினொன்றரை. நாகை மூழ்கி ஒன்றரை மணி நேரத்துக்கு அப்புறம்தான் எங்கள் கரைக்கு வந்திருக்கிறது. அந்த ஒன்றரை மணி நேரமும் எங்கள் கடற்கரையில் பிள்ளைகள் குளித்துக்கொண்டிருந்தார்கள். இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது எச்சரிக்கை அமைப்பே கிடையாது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் போய்ச் சேர்ந்தார்கள்.

என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். ரஜூலா கப்பல், டெக் டிக்கெட். தோட்டக் கூலிகளை அனுப்புவதை 1938-இல் இந்தியா நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னால். ஜெரஜா தீவில் முதலில் இறக்கி, மருந்தடித்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் விட்டார்களாம். எங்கள் தொழிற்சாலைப் பக்கம் கடலோரமாக வண்டி ஓட்டினால் அந்தத் தீவு தெரியும். தாத்தா ஏறின கரையையும் இறங்கின கரையையும் ஒரே நாளில் ஒரே கடல் வந்து தொட்டுவிட்டுப் போயிருக்கிறது. அதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது என்று யாராவது படம் எடுத்துச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கிருமியை அழிக்க வந்த அலை என்றால், நாற்காலியை மரத்தில் சொருகியது எதற்காம்?

பன்றியும் வௌவாலும்

நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில், 2020 மார்ச் மாதம், எல்லோரையும்போல நாங்களும் 'கன்டேஜியன்' பார்த்தோம். 2011-இல் வந்த படம். கடைசிக் காட்சியில் புல்டோசர் மரத்தைச் சாய்க்கிறது, வௌவால் பறக்கிறது, அது கடித்துப் போட்ட பழத்துண்டைப் பன்றி தின்கிறது, பன்றியை அறுத்த சமையல்காரர் கையைக் கழுவாமல் ஒரு பெண்ணுக்குக் கை கொடுக்கிறார். என் மகள், "ஐயே!" என்றாள். நான், "இது நம்ம ஊர்க் கதை" என்றேன். அவள் நம்பவில்லை. படத்தில் வரும் கற்பனைக் கிருமிக்கு முன்மாதிரி நிப்பா. 1998-இல் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் தொடங்கி நெகிரி செம்பிலான் வரைக்கும் இறங்கி, நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பெயரே சுங்கை நிப்பா என்னும் கம்பத்தின் பெயர். ஆரம்பத்தில் கொசுவால் வரும் மூளைக்காய்ச்சல் என்று நினைத்து ஊர் முழுக்க மருந்துப் புகை போட்டார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் கிருமியைப் பிரித்தெடுத்த பிறகுதான் அது புதிய கிருமி என்று தெரிந்தது. பத்து லட்சம் பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். படத்தில் இந்தப் பண்ணைக்காரர்கள் இல்லை. கதை மக்காவ் நகரத்துக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டது. குறை சொல்லவில்லை, நல்ல படம்தான். பட்டியலில் யார் பெயர் விட்டுப்போகிறது என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

லோரியில் முன் சீட்டு

கீரை உருவி முடித்த அன்று ராத்திரி, மகள் தூங்கப் போன பிறகு, அம்மாவிடம் கேட்டேன்: "படம் பூரா ஒண்ணும் சொல்லாம இருந்துட்டு, அந்த ஒரு ஆளுக்கு மட்டும் ஏம்மா அப்படிக் கேட்டீங்க?"

"ஊரே போவுது. அதுக்கு என்ன பண்றது. சொல்லிட்டு வராம இருந்தா கேக்கத்தான் தோணும்."

அப்புறம் தோட்டத்தைப் பற்றிச் சொன்னார். கெடாவில் அம்மா பிறந்து, வளர்ந்து, ரப்பர்ப் பால் வெட்டிய தோட்டம். 1994-இல் கைமாறி, வீடமைப்புக்குப் போனது. எனக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் அந்தக் கடைசி நாள் எனக்குத் தெரியாது. நான் பினாங்கில் மாமா வீட்டில் தங்கி ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். பரீட்சை முடிந்து போனபோது அம்மாவும் அப்பாவும் பட்டர்வொர்த் பக்கம் ஒரு வாடகை அடுக்குமாடியில் இருந்தார்கள். 'லயத்து வீட்டைக் காலி பண்ணியாச்சு' என்றார்கள். சரி என்றேன். முப்பது வருடமாக அதற்குமேல் நான் கேட்டதில்லை.

காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்க, அடிக்கும் தண்டவாளத் துண்டை அந்த மாதமும் தினமும் அடித்தார்களாம், வெட்ட மரம் இல்லாதபோதும். தோட்டக் கணக்கரான கிராணி கடிதத்தைப் படித்துக் காட்டியபோது, கூட்டத்தில் ஒருவர் எழுந்து, மாட்டை என்ன செய்வது என்று மட்டும் கேட்டாராம். அடுக்குமாடியில் மாடு வைக்க முடியாது. எங்கள் வீட்டில் இரண்டு இருந்தன. வாங்க வந்த ஆள் பாதி விலைதான் கேட்டான், ஏனென்றால் விற்றே ஆக வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். "அவனும் நம்ம ஆளுதான்" என்றார் அம்மா. சாமான் ஏற்ற லோரி வந்தது ஒரு வியாழக்கிழமை. மாரியம்மனைப் பூசாரி ஈரத்துண்டில் சுற்றி, அரிசி பரப்பிய தாம்பாளத்தில் வைத்து எடுத்துவந்தார். சாமிக்கு டிரைவர் பக்கத்தில் முன் சீட்டு. அம்மா பின்னால், குண்டான்களுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில். வழியில் மழை. சாமி நனையவில்லை, அம்மா நனைந்தார். இதைச் சொல்லும்போது அம்மா சிரித்தார், நிஜமாகவே வேடிக்கையான விஷயத்துக்குச் சிரிப்பதுபோல.

பாட்டியின் கதை எனக்கு முன்பே தெரியும். ஜப்பான்காரன் காலத்தில், இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டுக் கொட்டகையில் கூட்டம் சேர்ந்ததும் ஆம்பளைகளை லோரியில் ஏற்றிக்கொண்டு போனதாகப் பாட்டி சொல்வார். அப்படிச் சயாமுக்கு ரயில் பாதை போடப் போன பாட்டியின் அண்ணன் திரும்பவில்லை. பாட்டி சாகும்வரை தியேட்டருக்குள் கால் வைத்ததில்லை. நான் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற அழிவு இவர்கள் வீட்டு வாசலுக்கு லோரியில் வந்திருக்கிறது, இரண்டு தலைமுறையில் இரண்டு முறை. இரண்டு முறையும் மறுநாள் பசியாறிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். அம்மாவுக்கு லாஸ் ஏஞ்சலிஸ் விழுந்தது பெரிதாகத் தெரியாததை நான் இத்தனை நாள் வயசு என்று நினைத்திருந்தேன்.

"அந்த ஆளைப் பார்த்ததும் முனியாண்டி ஞாபகம் வந்துச்சு" என்றார் அம்மா. தோட்டத்து எல்லையில் ஆலமரத்தடியில் ஒரு கல், ஒரு வேல், அவ்வளவுதான் முனியாண்டி. லோரி வந்த அன்று அவரையும் எடுத்துப் போகலாமா என்று பேச்சு வந்திருக்கிறது. பூசாரி மறுத்துவிட்டார்: அவர் காவல் சாமி, இடத்தை விட்டு வரமாட்டார். "வருவாரா மாட்டாரான்னு யாரு கேட்டா? லோரியில எடம் இல்லை. அதான் விஷயம்." அப்பா மட்டும் போய் ஒரு சுருட்டை வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தாராம். அம்மா போகவில்லை. என்ன சொல்வது என்று தெரியாமல் போகவில்லை.

'2012' எப்படி முடிகிறது என்பது நினைவிருக்கிறதா? தண்ணீர் வடிகிறது, ஆப்பிரிக்கா மட்டும் மூழ்காமல் உயர்ந்து நிற்கிறது, கப்பல்கள் அங்கே திரும்புகின்றன. திரையில் தேதி வருகிறது: 27-ஆம் நாள், முதல் மாதம், ஆண்டு 0001. அந்தக் கண்டத்தில் ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஒரு காலண்டர் இருந்திருக்கும் என்பது கப்பலில் ஒருவருக்கும் தோன்றவில்லை. 1786-இல் ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் இந்தப் பினாங்குத் தீவில் இறங்கிக் கொடியேற்றியபோதும் யாருக்கும் தோன்றவில்லை. தோட்டம் இருந்த இடத்தில் எழுந்த தாமான் குடியிருப்பின் பெயர்ப்பலகையிலும் ஏறக்குறைய ஆண்டு ஒன்று என்றுதான் எழுதியிருக்கிறது. ரொம்ப இழுக்கிறேனோ என்று எனக்கே சந்தேகம். ஆனால் அந்தத் தேதியை மறுபடி பார்த்தபோது வயிற்றில் என்னவோ செய்தது.

போன ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். அம்மா வரமாட்டேன் என்றார். "இத்தனை வருஷம் கழிச்சுப் போயி நின்னா, எங்கடி போயிருந்தேன்னு கேப்பாரு." வாசல்வரை வந்து, ஒரு சுருட்டுப் பாக்கெட்டைக் கையில் கொடுத்தார். எப்போது வாங்கி வைத்தாரோ தெரியாது. பாலம் தாண்டி, நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம். வரிசை வரிசையாக இரட்டை மாடி வீடுகள், ஒரு பேரங்காடி, அதன் வண்டி நிறுத்துமிடம். ஆலமரம் இருந்தது. அதை வெட்டப் பயந்து சாலையை வளைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. அடியில் தகரக் கூரை, மஞ்சள் துணி, எலுமிச்சம்பழம். சீனர்கள் தங்கள் காவல் சாமி டத்தோ கோங்குக்கு வைக்கிற சிவப்பு ஊதுவத்தியும் எரிந்து முடிந்து நின்றது. வேல் துருப்பிடித்திருந்தது, முனையில் மட்டும் யாரோ எண்ணெய் தடவியிருந்தார்கள். நேப்பாளத்துக் காவலாளி ஒருவர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் பாக்கெட்டைப் பிரித்து ஒரு சுருட்டை எடுத்துக் கல்லின் முன்னால் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அம்மா கேட்டார்: "பத்த வெச்சியா, சும்மா வெச்சிட்டு வந்தியா?"

என்னிடம் தீப்பெட்டி இல்லை. அந்தக் காவலாளியிடம் கேட்டிருக்கலாம்.